மூன்றுக்கு அப்பால் போகாத அட்டவணை

வரைபுத்தாள் என்றால் என்னவென்று தெரியாத ஒரு பிள்ளையை வளர்த்திருக்கிறேன் என்பது போன வாரம்தான் எனக்குத் தெரிந்தது. மகள் சாப்பாட்டு மேசையில் இருந்து பள்ளிக்கூடக் கணக்குச் செய்துகொண்டிருந்தாள். இருபடிச் சார்பு. பக்கத்தில் நான் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். கொப்பி இல்லை, அடிமட்டம் இல்லை, பென்சில்கூட இல்லை. கைபேசியில் எதையோ தட்டினாள். கண் மூடித் திறப்பதற்குள் திரையில் ஒரு வளைகோடு வந்து நின்றது.

"வரைபுத்தாளிலை கீறுறேல்லையோ?" என்று கேட்டேன்.

"அதென்ன அம்மா?"

சின்னச் சின்னக் கட்டம் போட்ட தாள் என்றேன். "ஆ, எக்செல் மாதிரியோ?" என்றாள். இதற்குமேல் அந்தப் பிள்ளைக்கு நான் என்னத்தைச் சொல்ல?

உங்களுக்குத் தெரிந்திருக்கும். மெல்லிய பச்சைக் கோடு போட்ட தாள். அதில் பிழையாகப் புள்ளி வைத்து அழிறப்பரால் தேய்த்தால், சூடான றப்பர் மணம் ஒன்று எழும். தூளை உள்ளங்கையால் தள்ளிவிட்டு மறுபடி வைக்க வேண்டும். அந்த மணத்தோடு பனியில் நனைந்த குளிர்க்கோட்டின் மணமும் சேர்ந்துவிட்டால் போதும், நான் நேரே ரொக்ஸ்பரோ ஸ்ரேசனில் போய் நிற்பேன்.

நான் கலியாணம் கட்டி மொன்றியலுக்கு வந்த புதிது. இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு நாலைந்து வருசம் போயிருக்கும். ஸ்ரேசனுக்குக் கிட்ட ஒரு வீட்டின் நிலக்கீழ் அறையில் குடியிருந்தோம். இவருக்குப் புவாண்ட்-கிளேரில் ஒரு வெயார்ஹவுஸில் வேலை, பின்னேர ஷிஃப்ட். காலையெல்லாம் சும்மா இருக்கிறோமே என்று இவருக்கு ஒரே அரிப்பு. கொலீஜில் கட்டடத் தொழில்நுட்பம் படிக்க வேண்டும், வரைபடம் கீறுகிற வேலைக்குப் போக வேண்டும் என்பதுதான் இவருடைய ஆசை. ரயிலில் போகும்போது எங்கேயாவது பாரந்தூக்கி தெரிந்தால் கதையை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டு வருவார். ஆனால் கொலீஜுக்குள் கால் வைக்க இங்கத்தைய உயர்பள்ளிக் கணக்கில் சித்தியடைய வேண்டும். ஊரில் எடுத்த சான்றிதழ் இடம்பெயர்வில் போய்விட்டது. அதனால் நகரத்தில் பெரியவர்களுக்கான பள்ளிக்கூடம் ஒன்றில் போய்ப் பதிந்தார்.

"நீரும் வாருமன். வீட்டிலை தனிய இருந்து என்ன செய்யப்போறீர்? சும்மா துணைக்கு" என்றார்.

"எனக்கும் கணக்குக்கும் சரிவராது. தெரியுந்தானே?"

"நான் இருக்கிறன் எல்லே. நான் சொல்லித்தாறன்."

எனக்கும் கணக்குக்கும் சரிவராது என்பது வெறும் தன்னடக்கம் இல்லை. ஊரில் நான் கணிதத்தில் சித்தியடைந்ததைக் கேள்விப்பட்டு என்னைவிட அதிகம் திகைத்துப் போனவர் எனக்குக் கணிதம் படிப்பித்த ரீச்சர்தான். இவர் அப்படியில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்குக்கு இவர்தான் முதல். டொலார்ட்-டெஸ்-ஓர்மோ முருகன் கோயிலில் அன்னதானத்துக்கு வரிசையில் நிற்கும்போது, இவரோடு படித்த நண்பர் ஒருவர் கையில் கோப்பையை வைத்துக்கொண்டே என்னிடம் சொல்வார்: "தங்கச்சி, உவனைப் பாத்தெழுதித்தான் நாங்கள் எல்லாரும் கணக்கு பாஸ் பண்ணினது." இவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நிற்பார். காது மட்டும் சிவக்கும்.

ஆக, ஒவ்வொரு காலையும் நான் துணைக்குப் போனேன். ஸ்ரேசனடியில் டெபனர் என்கிற சின்னக் கடையில் ஒரு கோப்பி வாங்கி இரண்டு பேரும் மாறி மாறிக் குடிப்போம். அந்தக் கடைக்காரர் வரைபுத்தாள் கட்டும் வைத்திருந்தார். இவர் வாங்கியே தீர்த்திருப்பார் என்று நினைக்கிறேன். ரயில் மலைக்கு அடியால் சுரங்கத்துக்குள் போகும். வெளியே வரும்போது நகரம்.

வகுப்பில் உலகத்தில் எங்கெங்கோ இருந்து வந்தவர்கள். எல்லோருடைய மேல்கோட்டும் கதிரையில் காய்ந்துகொண்டிருக்கும். படிப்பித்தவர் சிவப்புச் சட்டக் கண்ணாடி போட்ட ஒரு மடாம். அவருடைய பிரெஞ்சு எனக்குப் பாதி விளங்காது, கணக்கு மீதிப் பாதி விளங்காது. ஆகவே அவர் பலகையில் எழுதிய ஒரு எழுத்து விடாமல் பார்த்து எழுதுவேன். இவர் எழுத மாட்டார். "இதெல்லாம் நாங்கள் எப்பவோ செய்து முடிச்சது" என்று எனக்குத் தமிழில் குசுகுசுப்பார். மடாம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். நான்தான் குனிந்துகொண்டேன்.

இந்த இடத்தில் எங்கள் ஊர்ப் பரீட்சைத் தாளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அங்கே வரைபுக் கணக்கு வந்தால் கேள்விக்குக் கீழேயே அட்டவணையும் அச்சடித்து வரும். அநேகமாகச் சய மூன்றிலிருந்து, அதாவது மைனஸ் மூன்றிலிருந்து, மூன்று வரை. ஒரு பெட்டி மட்டும் வெறுமையாக இருக்கும். அதைக் கண்டுபிடித்து நிரப்பி, புள்ளிகளை வைத்து, பிசிறில்லாமல் தொடுத்தால் வளைகோடு இறங்கி வந்து திரும்பி ஏறும். அந்தத் திரும்பற் புள்ளி எப்போதும் அட்டவணைக்குள்ளேயே இருக்கும். கேள்வி போட்டவர்கள் அதை உள்ளே வைத்துத்தான் தந்தார்கள் என்று எங்களில் யார் யோசித்தோம்? வளைகோடு என்றால் மூன்றுக்குள் திரும்ப வேண்டும், அவ்வளவுதான்.

மடாம் அட்டவணை தரமாட்டார். முதலில் எங்கே திரும்புகிறது என்று பார், அதற்குப் பிறகு அந்த இடத்துக்கு இரண்டு பக்கமும் அட்டவணை போடு என்பார். இவருக்கு அது வேடிக்கையாக இருந்தது.

"உவ ஏன் உப்பிடிச் சுத்தி வளைக்கிறா? அட்டவணையைப் போட்டால் அது தன்ரை பாட்டிலை வரும்."

கேள்வியை வாசித்து முடிக்கும் முன்பே இவருடைய கை கட்டங்களைக் கீறி, சய மூன்று, சய இரண்டு என்று நிரப்பத் தொடங்கிவிடும். வகுப்பில் செய்த கணக்குகளும் சின்னக் கணக்குகள்தான். எல்லாம் மூன்றுக்குள் திரும்பின. அதற்குப் பிறகு இவர் தொடுக்கிற அழகு இருக்கிறதே! தாளைச் சரித்து, வளைவின் உட்பக்கம் கை வருகிற மாதிரி வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு ஒரே இழுவை. பென்சில் இடையில் எழும்பாது. மடாம் ஒருநாள் அந்தத் தாளைத் தூக்கிப் பிடித்து வகுப்புக்கே காட்டி, "த்ரே போ", மிக அழகு என்றார். அன்றைக்கு ரயிலில் முழுக்கோப்பியும் எனக்கே கிடைத்தது.

என்னுடைய பரவளைவுகளைப் பற்றிக் கேட்காதீர்கள். சில கோணலான செருப்புப் போல இருக்கும். ஆனால் எனக்கு ஊர் முறையும் நினைவில்லை, வேறு முறையும் தெரியாது. மடாம் சொன்னதைச் சொன்னபடி செய்வேன். திரும்புகிற இடத்தை முதலில் தேடுவேன்.

சோதினை அன்று நல்ல குளிர். நான் இவருக்கு இரண்டு வரிசை பின்னால் இருந்தேன். எனக்கு இவருடைய முதுகுதான் தெரிந்தது. வரைபுக் கணக்கு நடுவில் வந்தது. இவர் அழிறப்பரால் தேய்க்கிற சத்தம் கேட்டது. தூளைத் தள்ளினார். கொஞ்சநேரத்தில் மறுபடி தேய்த்தார். பிறகு கையை உயர்த்தி இன்னொரு வரைபுத்தாள் கேட்டு வாங்கினார். எங்களுக்கு ஒன்று போதும், இவர் என்னவோ விசேஷமாகக் கீறப் போகிறார் என்று நினைத்தேன். சத்தியமாக எனக்குப் பெருமையாக இருந்தது.

திரும்பி வரும்போது ரயிலில் இவர் யன்னல் பக்கம் இருந்தார். ரயில் வெளிக்கிடும் முன்பே கேட்டார்:

"அந்த வரைபுக் கணக்கு உமக்கு எங்கை திரும்பினது?"

"ஏன்? உங்களுக்கு?"

"எனக்குத் திரும்பேல்லை. நூற்றிப் பதினேழிலை துவங்கி இருவத்தொண்டுக்கு இறங்கி நிக்குது. பெருக்கினதிலைதான் எங்கையோ பிழை எண்டு திருப்பித் திருப்பிப் பாத்தன். தாள்கூட மாத்தினன். மிச்சக் கேள்வி ஒண்டையும் தொடேல்லை."

"அட்டவணை எவ்வளவு மட்டும் போட்டனீங்கள்?"

"மூண்டு மட்டும்."

கேட்டவருக்குச் சொல்லத்தானே வேண்டும்.

"எனக்கு எட்டிலை திரும்பினது."

"எட்டிலையோ?" என்றார். அப்போது ரயில் சுரங்கத்துக்குள் போனது. யன்னல் கண்ணாடியில் இவருடைய முகம் தெரிந்தது. நான் பார்க்கவில்லை என்று நினைத்திருப்பார். வெளியே வந்ததும், "நான் பெருக்கினதெல்லாம் சரிதான் போலை" என்றார், அவ்வளவுதான்.

எல்லாம் சரிதான். ஒரு பெருக்கலும் பிழைக்கவில்லை. ஒரு கணக்குப் போயிருந்தால் பரவாயில்லை, அது மற்றக் கணக்குகளின் நேரத்தையும் தின்றுவிட்டது. முடிவு வந்தபோது துணைக்குப் போனவள் பாஸ். படிக்கப் போனவர் பெயில். என்னை மடாம் கட்டிப்பிடித்தார். இவரிடம், இன்னொருமுறை எழுதலாம், ஒன்றும் பிரச்சினை இல்லை என்று மெதுவாகச் சொன்னார். இவர் தலையை ஆட்டிச் சிரித்து, "மெர்சி மடாம்" என்றார்.

நான் இரண்டொரு தடவை கேட்டேன். "பேந்து எழுதுவம்" என்றார். முதலில் டிசம்பரில் வெயார்ஹவுஸில் நத்தார்க்கால நெருக்கடி. பேந்து பனி. பேந்து நான் கர்ப்பம். பேந்து பிள்ளைக்குக் கார்டெறி, அதாவது பகல் காப்பகம், தேடி அலைந்தோம். அந்தப் பேந்து இன்னும் வரவில்லை.

நான் போனேன். பாஸ் பண்ணியது வீணாகக் கூடாது என்று இவர்தான் பிடித்துத் தள்ளினார். கொலீஜில் கணக்கியல் படித்தேன். என் ரீச்சர் கேள்விப்பட்டிருந்தால் மயங்கி விழுந்திருப்பார். எனக்கும் புவாண்ட்-கிளேரில்தான் ஒரு அலுவலகத்தில் வேலை, இவருடைய வெயார்ஹவுஸ் இருக்கிற அதே வீதியில். இவருக்கும் இப்போது காலை ஷிஃப்ட். என்னைக் காரில் கொண்டுபோய் வாசலில் இறக்கிவிட்டு, அப்பால் போய்த் திரும்புவார். கோயிலில் அந்த நண்பர் பழைய கதையை எடுத்தால், "உந்தக் கதையை விடடாப்பா, இப்ப வீட்டிலை கணக்குக்கு இவதான்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். ஆனால் எனக்கு அது கவலைதான். இவருக்கென்று இருந்த கதவால் நான் உள்ளே போய்விட்டேன் என்கிற கவலை. இதில் என் குற்றம் என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை. அதனால் கவலை குறைந்துவிடுமா என்ன?

அந்த ரயிலும் இப்போது இல்லை. எங்களை ஏற்றிப்போன அந்தப் பழைய வண்டிகளை நிறுத்திப் பல காலமாகிறது. டெபனர் இருந்த இடத்தில் நகம் அழகுபடுத்துகிற கடை. பள்ளிக்கூடத்தைக் குடியிருப்பாக மாற்றிவிட்டார்கள் என்று யாரோ சொன்னார்கள், நான் போய்ப் பார்க்கவில்லை. மடாம் எங்கே இருக்கிறாரோ. வீட்டில் ஒரு வரைபுத்தாள்கூட மிஞ்சவில்லை.

இதையெல்லாம் யோசித்தபடி நான் வெங்காயத்தோடு நின்றபோது, வேலையால் வந்த இவர் கை கழுவிவிட்டு மகளின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"எந்தக் கணக்கைக் குடுத்தாலும் கீறுமோ?"

"ஓம் அப்பா. சொல்லுங்கோ."

இவர் ஒரு கணமும் யோசிக்கவில்லை. "எக்ஸ் வர்க்கம், சய பதினாறு எக்ஸ், சக அறுபது."

"சய எண்டால்?"

"மைனஸ். சக, பிளஸ்."

என் கத்தி நின்றுவிட்டது. ரயிலில் கேட்ட அந்த ஒரு நாளைக்குப் பிறகு, இத்தனை வருசத்தில் அந்தக் கணக்கைப் பற்றி இவர் வாயே திறந்ததில்லை. மறந்துவிட்டார் என்றே நான் நினைத்திருந்தேன்.

மகள் தட்டினாள். திரை வெறுமையாக இருந்தது. "ஒண்டையும் காணேல்லையே" என்று சொல்லிக்கொண்டு விரலால் திரையை ஒரு பக்கம் தள்ளினாள். வலப்பக்கத்திலிருந்து வளைகோடு மெல்ல உள்ளே வந்தது. இறங்கி, திரும்பி, ஏறியது.

"இஞ்சை நிக்குது அப்பா. திரும்புற இடம், சொமே, எட்டு, மைனஸ் நாலு."

இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். சுட்டுவிரலைத் திரைக்கு மேலே, தொடாமல், அந்த வளைவின் வழியே ஒரே இழுவையாகக் கொண்டுபோனார்.

"வடிவா இருக்கு" என்றார்.

"முடிஞ்சுதோ அப்பா? எனக்கு மற்றக் கணக்குச் செய்யவேணும்."

"ஓம், ஓம். அழி."

மகள் அழித்தாள். மேசையில் தூள் எதுவும் விழவில்லை.