தங்கம் சிவந்த மதியம்

ஆராய்ச்சிக்கூடத்தில் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவுவதுதான் அவள் வேலை. எல்லோருக்கும் அவள் ‘பளிச்சக்கா’. ஏழு வருடங்களுக்கு முன் மார்பில் புற்றுநோய் வந்து, மருந்து ஏற்றி, முடியெல்லாம் கொட்டிப் பிழைத்தவள். அந்தக் கூடத்தில் நடப்பதும் அதே நோய்க்கான ஆராய்ச்சி என்பது அவளுக்குத் தெரியும். அதற்குமேல் கேட்டதில்லை.

மகளின் பிரசவத்துக்குப் பத்து நாள் லீவு போட்டுவிட்டுத் திரும்பியபோது, ஆராய்ச்சியை நடத்தும் டாக்டரம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

“நாலு தடவை செஞ்சு பாத்துட்டேன்க்கா. செவப்பா வரவேண்டியது ஊதாவாவே வருது.”

“குடுவையை யாரு கழுவினது?”

பளிச்சக்கா கையுறையை மாட்டினாள். குடுவைகளை அமிலத்தில் ஊறவைத்து, சுத்த நீரில் பதினோரு முறை அலசி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். துளி அழுக்கு இருந்தாலும் குடுவைக்குள் உருவாகும் நுண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கெட்டுவிடும்.

அன்று மதியம் கொதிக்கும் நீரில் தங்க உப்பு கரைந்தது. அடுத்து இன்னொரு மருந்தை ஊற்றினார்கள். முதலில் கறுத்த நீர், அவள் கண்ணெதிரே மாதுளைச் சாறாகச் சிவந்தது.

“இதுவா தங்கம்?”

“தங்கமேதான்க்கா. தலைமுடி கனத்துல ஆயிரத்துல ஒரு பங்குகூட இல்ல. அவ்வளவு பொடியானா தங்கம் செவந்துடும்.”

கட்டியைத் தேடிப்போய் ஒட்டும்படி துகள்கள்மேல் பூச்சுகள் ஏற்றி முடிக்க இரண்டு வாரமாயிற்று. பிறகு டாக்டரம்மா அவளை ஸ்கேன் அறைக்கே கூட்டிப்போனார். மயக்கத்தில் கிடந்த வெள்ளெலியின் விலாவில் பட்டாணி அளவுக் கட்டி. வாலில் ஊசி வழியே ஏற்றிய தங்கம் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. திரையில் கட்டி மட்டும் விளக்கு ஏற்றினாற்போல் ஒளிர்ந்தது. அடுத்து லேசர் ஒளியைப் பாய்ச்சினார்கள். வெப்பம் காட்டும் திரையில் அந்த ஓரிடம் மட்டும் சிவந்தது; மற்ற உடம்பு குளிர்ந்த நீலமாகவே கிடந்தது.

“இடத்தையும் காட்டிக்குடுத்து, சுட்டும் போடுதா?” பளிச்சக்காவுக்குப் புல்லரித்தது. “எனக்குப் பண்ணினது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை. முடி, நகம், நாக்கு ருசி எல்லாம் போச்சு. இது எலியை மட்டும்…” சொல்லும்போதே முன்னால் கிடந்த எலியைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். டாக்டரம்மா குலுங்கிச் சிரித்தார்.

“மனுஷங்களுக்கு எப்போ வரும் டாக்டரம்மா?”

“இன்னும் எத்தனையோ சோதனை இருக்குக்கா. வராமலும் போகலாம்.”

லேசர் பாய்ச்சிய பன்னிரண்டாம் நாள் அவள் போய்ப் பார்த்தாள். கட்டி கருகி உதிர்ந்து, அந்த இடத்தில் இளஞ்சிவப்புத் தோல் மூடியிருந்தது. எலி இரண்டு கைகளாலும் தீனியைப் பிடித்துக் கொறித்துக்கொண்டிருந்தது. வேலை தலைக்குமேல் கிடந்தும் அவளுக்கு அங்கிருந்து நகர மனம் வரவில்லை.