ஜன்னலில் ஒன்பது புள்ளிகள்

காட்பாடியிலிருந்து ஆம்பூருக்கு ஒரே வேனில் ஒன்பது பெண்கள் போய்வந்தோம். எட்டுப் பேர் ஷூ கம்பெனி ஆபீஸ். ஒருவர் மட்டும் அங்கே ஒரு கல்லூரியில் கணக்கு மேடம். ஒல்லியான உடம்பு, முகத்துக்குப் பெரிதான மூக்குக்கண்ணாடி. பனி படிந்த ஜன்னலில் விரலால் புள்ளி வைத்து, முக்கோணங்களாக இழுத்துக்கொண்டே வருவார்.

வேனில் மூன்று சீட்டு, சீட்டுக்கு மூன்று பேர். யார் யாரோடு உட்காருவது என்று தினமும் சண்டை ஜாஸ்தியானபோது அவர்தான் வழி சொன்னார். அவர் சொல்கிறபடி இடம் மாறினால், நாலு நாளில் ஒவ்வொருவரும் மற்ற எல்லாரோடும் சரியாக ஒருமுறை ஒரே சீட்டில் இருப்போம்.

எனக்கும் எங்கள் ஆபீஸ் லதாவுக்கும் அப்போது பேச்சு கிடையாது.

"எங்க ரெண்டு பேரை மட்டும் சேக்காதீங்க மேடம்," என்றேன்.

அவர் ஜன்னலைக் காட்டினார். "புள்ளி ஒவ்வொண்ணும் ஒரு ஆளு. ஒவ்வொருத்தர்கிட்டேர்ந்தும் மத்த எட்டு பேருக்கும் கோடு போவுது. எல்லாத்தையும் முக்கோணமா பிரிச்சிட்டேன். உங்க கோட்டை அழிச்சா, உங்ககூட மூணாவதா இருக்கிற ஆளு இன்னா பண்ணுவாங்க?"

நான்காம் நாள் எங்கள் முறை. அந்த மூன்றாவது ஆள் மேடம்தான், நடுவில் உட்கார்ந்தார். பள்ளிகொண்டா தாண்டியதும் தூங்கிப்போனார். மூக்குக்கண்ணாடி நழுவியது. நானும் லதாவும் சேர்ந்தாற்போல் கை நீட்டினோம்.

"ஒடஞ்சிடப் போவுது, புடி," என்றாள் லதா.

நாங்கள் ஒருநாள் சேர்ந்தாக வேண்டும் என்பது கணக்கு. எங்களுக்கு நடுவில் யார் என்பது பட்டியல் போடுகிறவர் இஷ்டமாம். அது பிறகுதான் தெரிந்தது. அவர் நிஜமாகவே தூங்கினாரா என்பது இன்னும் தெரியவில்லை.