பாய் எங்கள் வீட்டில், வள்ளம் கொக்கிளாயில்

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு பங்குனி மாதம், எங்கள் பாய்வள்ளத்தை விற்பதற்காக முல்லைத்தீவிலிருந்து கொக்கிளாய்க்குப் போனோம். திரும்பி வரும்போது வள்ளத்தின் பாயும் சுக்கானும் எங்களோடு மாட்டுவண்டியில் வந்தன. வள்ளம் வரவில்லை, பணமும் வரவில்லை. அளம்பிலில் வண்டியை நிறுத்தித் தண்ணீர் குடித்தபோது அங்கே நின்ற ஒருவர் எங்கள் சுமையைப் பார்த்துவிட்டு, "என்ன, வள்ளத்தைக் கரைச்சுக் குடிச்சிட்டியளோ?" என்று கேட்டார். என் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கு நான் இருந்த நிலையில், பக்கத்தில் யாராவது தும்மியிருந்தாலும் சண்டைக்குப் போயிருப்பேன்.

முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

நாங்கள் கடலை நம்பிப் பிழைத்த குடும்பம். என் கணவர் கடலில் கெட்டிக்காரர். கரையில் கால் வைத்துவிட்டால் யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுவார். சந்தையில் வெற்றிலை வாங்க அனுப்பினாலும் வாடல் வெற்றிலையோடுதான் வருவார். அதனால் எங்கள் வீட்டில் கொடுக்கல் வாங்கல் முழுக்க என் பொறுப்பு. இயந்திரப் படகுகள் எங்கள் பக்கத்துக்கு வரத் தொடங்கியிருந்த காலம் அது. நாங்களும் மீன்பிடி அலுவலகத்தில் பெயர் கொடுத்திருந்தோம். எங்கள் முறையும் வந்துவிட்டது. வைகாசி முடிவதற்குள் முற்பணம் கட்டினால் படகு எங்களுக்கு. கட்டாவிட்டால் அடுத்த பெயர்க்காரருக்கு. முற்பணத்துக்கு எங்களிடம் இருந்த ஒரே வழி அந்தப் பாய்வள்ளத்தை விற்பதுதான்.

வாங்க ஆசைப்பட்டவர் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். கொக்கிளாயில் பிறந்தவர். முந்திய மாரியில் விடுமுறைக்கு வந்தபோது நாயாற்றுப் பக்கம் வெள்ளம் ஏறிப் பாதை அடைபட்டுவிட்டது. கடல் கொஞ்சம் அடங்கிய ஒரு நாளில் என் கணவர்தான் அவரை வள்ளத்தில் ஏற்றிக் கொக்கிளாயில் கொண்டுபோய் விட்டார். பாதி வழி சுக்கானைத் தானே பிடித்துக்கொண்டு வந்தாராம் மனிதர். இறங்கும்போது, "இதை விக்கிற எண்ணம் வந்தா எனக்குத்தான் முதல் சொல்லவேணும்" என்று விலாசம் கொடுத்துவிட்டுப் போனார். அவருக்குக் கொக்கிளாயில் ஒரு தமக்கை இருந்தார். தமக்கையின் கணவர் காலமெல்லாம் மற்றவர்களின் வள்ளத்தில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவர். அவர்களுக்கு ஒரு வள்ளம் சொந்தமாக வாங்கிக் கொடுக்க வேண்டும் என்பது தம்பியின் ஆசை.

கடிதத்திலேயே விலை பேசி முடித்துவிட்டோம். சிக்கல் அதற்குப் பிறகுதான் வந்தது. பணம் வந்ததும் வள்ளம் தருகிறோம் என்று நான் எழுதினேன். வள்ளம் வந்து சேர்ந்தது என்று அக்கா தந்தி அடித்ததும் பணம் அனுப்புகிறேன் என்று அவர் எழுதினார். அவர் கேட்டதில் பிழை சொல்ல முடியாது. கடலுக்கு அப்பால் இருப்பவர் வெறும் கடதாசியை நம்பி எப்படிப் பணம் அனுப்புவார்? ஆனால் வள்ளத்தைக் கொடுத்த பிறகு அவர் கையை விரித்துவிட்டால், நான் சிங்கப்பூரில் போய் யாரைப் பிடிப்பேன்? எங்கள் ஊரில் ஒருவர் கொழும்புக்காரருக்கு வலை அனுப்பிவிட்டு அதன் காசுக்காக இன்னமும் தபால்காரரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொழும்புக்கே இந்தக் கதியென்றால் சிங்கப்பூருக்கு என்ன கதி என்று ஊரே எனக்குப் புத்தி சொன்னது.

கடிதம் போய்க் கடிதம் வருவதற்குள் மாசி ஓடிப்போனது. "ஆக்களை நேரில போய்ப் பார்ப்பம்" என்றார் என் கணவர். அவரும் அவருடைய தம்பியும் வள்ளத்தில் போனார்கள். நான் வண்டி பிடித்துக் கரைவழியாகப் போய்ச் சேர்ந்தேன்.

அந்தத் தமக்கை என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். உயரமான பெண். இறால் கறியோடு சோறு போட்டார். நான் சோற்றில் கை வைப்பதற்கு முன்னமே சொல்லிவிட்டேன். "அக்கா, குறை நினைக்காதேங்கோ. காசு கைக்கு வராமல் வள்ளத்தை விட்டிட்டுப் போக மாட்டன்." என் கணவர் தலை குனிந்துகொண்டார். சாப்பாட்டு நேரத்தில் இப்படியா பேசுவது என்று அவருக்கு வெட்கம். அந்த அக்காவின் முகம் மாறவில்லை. நாங்கள் சாப்பிட்டு முடிக்கும் வரை ஏதோ யோசித்துக்கொண்டு இருந்தார்.

"தங்கச்சி, வள்ளம் இஞ்ச நிக்கட்டும். பாயையும் சுக்கானையும் கழட்டி நீங்கள் கொண்டு போங்கோ. காசு வந்தாப் பிறகு கொண்டந்து தாங்கோ. சுக்கான் இல்லாத வள்ளத்தை வைச்சு நான் என்ன செய்யப் போறன்? வள்ளம் இல்லாத பாயை வைச்சு நீங்கள்தான் என்ன செய்யப் போறியள்?"

இத்தனை கடிதம் எழுதியும் எனக்குத் தோன்றாத வழி. சிங்கப்பூர்த் தம்பிக்கும் பயமில்லை, எங்களுக்கும் பயமில்லை. அன்றைக்கே என் கணவர் பாயை இறக்கிச் சுருட்டினார், சுக்கானைக் கழற்றினார். வள்ளம் வந்துவிட்டது என்று சிங்கப்பூருக்குத் தந்தி அடிக்க ஆள் போனது. நாங்கள் அந்தச் சாமான்களோடு வண்டியில் ஏறினோம். அளம்பில்காரர் கேலி செய்தது அந்தப் பயணத்தில்தான். வழி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வள்ளத்தைக் கண் எட்டாத கரையில் விட்டுவிட்டு வந்த பிறகு என் மனம் ஒரு நிலையில் இல்லை.

சித்திரை வந்தது, போனது. பணம் வரவில்லை. ஒரு வரி கடிதம்கூட வரவில்லை. எங்கள் வள்ளம் இல்லாததால் என் கணவர் வேறொருவருடைய வள்ளத்தில் கூலிக்குப் போனார். பின்னேரம் வீட்டுக்கு வந்தால் பாயை முற்றத்தில் விரித்துப் போட்டுக்கொண்டு தைக்கத் தொடங்கிவிடுவார். எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும்.

"வித்த பாய்க்கு என்னத்துக்கு ஊசியும் நூலும்?" என்று கேட்டால், "இன்னும் விக்கேல்லத்தானே" என்பார். சரி, விற்கவில்லை என்றால் வேறு ஆளைப் பார்ப்போமே என்றால், "வித்துப்போட்டம்தானே, கிழிஞ்சதையோ குடுக்கிறது?" என்பார். இந்த மனிதரோடு கதைத்து ஆகாது என்று விட்டுவிட்டேன்.

வைகாசி பிறந்ததும் எனக்கு நித்திரை போய்விட்டது. அலுவலகத்தில் சொன்ன தவணை நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கள் ஊர் வியாபாரி ஒருவர், கொஞ்சம் விலை குறைத்து, உடனே காசு தந்து வள்ளத்தை எடுப்பதாகச் சொன்னார். அந்தக் காசு முற்பணத்துக்குப் போதும். சிங்கப்பூர்க்காரரிடம் சொல்லாமல் எப்படிக் கொடுப்பது என்று நான் தடுமாறிக்கொண்டிருந்த ஒரு காலையில், கொக்கிளாய் அக்கா எங்கள் படலையைத் திறந்துகொண்டு வந்தார். கால் முழுக்கப் புழுதி. பாதி வழி நடந்தும் பாதி வழி வண்டியிலுமாக வந்திருக்கிறார்.

சிங்கப்பூரில் தம்பி கடும் வருத்தமாகி ஆசுபத்திரியில் கிடக்கிறாராம். கூட வேலை செய்பவர் எழுதியிருக்கிறார். எப்போது எழும்புவார் என்று சொல்ல முடியாதாம். அவர் இன்னும் தவணை கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கேட்கவில்லை.

"உங்கட நாள் கிட்டுது தங்கச்சி. எங்களைப் பார்த்துக்கொண்டிருந்து அதையும் விட்டிடாதேங்கோ. வந்து வள்ளத்தைக் கொண்டு போய் வேற ஆருக்கும் குடுங்கோ. இதை நேரில சொல்லவேணும் எண்டுதான் வந்தனான்."

தேநீரைக் குடித்தார், எழும்பினார், போய்விட்டார். படலையடியில் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்ததைக் கண்டேன். தம்பியை நினைத்தா, கைக்கு வந்து நழுவிப் போகிற வள்ளத்தை நினைத்தா என்று எனக்குத் தெரியாது. மறைக்காமல் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான். உடனேயே வியாபாரிக்குச் சொல்லி அனுப்பினேன்.

அடுத்த நாள் பாயையும் சுக்கானையும் மறுபடியும் வண்டியில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். மரவள்ளத்தைச் சுடுமணலில் இழுத்துப் போட்டுவிட்டால் பலகை காய்ந்து பொருத்துகள் வாய் பிளந்துவிடும். கடலில் இறக்கினால் தண்ணீர் உள்ளே வரும். இவ்வளவு நாள் வெயிலில் கிடந்த வள்ளத்தைச் சரிப்படுத்தவே எத்தனை நாள் பிடிக்குமோ, அதைப் பார்த்து வியாபாரி இன்னும் எவ்வளவு குறைப்பாரோ என்று நான் மனதுக்குள் கூட்டிக் கழித்துக்கொண்டு போனேன்.

கொக்கிளாய்க் கரைக்குப் போனால் வள்ளத்தைக் காணவில்லை. நாங்கள் விட்ட இடத்தில் புதுத் தென்னோலைக் கிடுகு வேய்ந்த ஒரு தாழ்ந்த கொட்டில் இருந்தது. என் கணவர் குனிந்து உள்ளே பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். வள்ளம் அதற்குள் இருந்தது. நான் பலகையில் கை வைத்தேன். ஈரமாக இருந்தது. நடு வெயிலில், சுடுமணலில், குளுகுளுவென்று இருந்தது. சுறா எண்ணெய் பூசிய மணம் அடித்தது. என் கணவர் பொருத்துப் பொருத்தாகத் தடவிப் பார்த்துக்கொண்டு வள்ளத்தைச் சுற்றி வந்தார். பிறகு மணலில் உட்கார்ந்துவிட்டார்.

வள்ளத்தின் முன்முனையான அணியத்தில் நாங்கள் செதுக்கி வைத்திருந்த சிலுவையடியில் ஒரு செவ்வரத்தம்பூ இருந்தது. அவர்கள் சைவக்காரர்.

அந்த நேரம் அக்கா இடுப்பில் குடத்தோடு வந்தார். குடத்தில் கடல்தண்ணீர். காலையும் மாலையும் கொண்டுவந்து ஊற்றுகிறாராம். எங்களைக் கண்டும் அவர் குடத்தை இறக்கவில்லை. ஊற்ற வேண்டியதை ஊற்றி முடித்துவிட்டுத்தான் வந்தார்.

"அக்கா, திருப்பித் தாற வள்ளத்துக்கு ஏன் இவ்வளவு பாடு?" என்று கேட்டேன்.

"ஆரின்ர எண்டாலும் மரம்தானே. வித்தது, விக்காதது எண்டு பார்த்தோ வெய்யில் எரிக்குது?" என்றார். நான் பூவைப் பார்ப்பதைக் கண்டுவிட்டுக் கொஞ்சம் கூச்சப்பட்டார். "உங்கட சாமிக்கு என்ன பூ பிடிக்கும் எண்டு தெரியாது. வீட்டு முத்தத்தில பூத்ததை வைச்சன்."

என் கணவர் எழும்பிப் போய் வண்டியிலிருந்து பாயை இறக்கி விரித்தார். பழைய கிழிசல் ஒன்றுகூட மிச்சமில்லை. ஓரமெல்லாம் புதிதாக மடித்துத் தைத்திருந்தார். அக்கா அந்தத் தையலில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்துச் சிரித்தார். அவரும் சிரித்தார். ஒருவர் வீட்டுப் பொருளை மற்றவர் பார்த்துக்கொண்ட மாதிரித்தான் இருவரும் நடந்திருக்கிறார்கள். நடுவில் நின்று கூட்டிக் கழித்தது நான் ஒருத்திதான்.

"இஞ்சாருங்கோ, சுக்கானைப் பூட்டுங்கோ" என்றேன்.

"இண்டைக்கே முல்லைத்தீவுக்கோ?" என்று என் கணவர் கேட்டார்.

"இல்லை. இந்தச் சோளகக் காத்து அடிச்சு முடியும் வரைக்கும் இஞ்ச நிண்டு தொழில் செய்யுங்கோ. நீங்களும் அக்காவின்ர மனுசனும். வாறதில பாதி பாதி. அக்காவின்ர தம்பி எழும்பிக் காசு அனுப்பேக்க வள்ளம் அவையளுக்கு. அதுவரைக்கும் எங்கட."

அவர் வண்டியிலிருந்து சுக்கானை இறக்கப் போனார். இயந்திரப் படகு என்னாவது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அக்கா குடத்தை மணலில் வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்குப் பின்னேரம் வள்ளத்தைக் கடலில் இறக்கினார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை.

வியாபாரி என்னோடு கோபித்துக்கொண்டார். வைகாசி முடிந்தது. எங்களுக்கு வரவேண்டிய படகு அடுத்த பெயர்க்காரருக்குப் போனது. அது முதல் நாள் எங்கள் கரையிலிருந்து சத்தம் போட்டுக்கொண்டு புறப்பட்டதைக் கேட்டுக் குசினிக்குள் இருந்து அழுதேன். நல்லது செய்தால் மனம் குளிர்ந்துவிடும் என்று சொல்பவர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்க வேண்டும். ஆனால் கொக்கிளாயில் என் கணவர் தங்கித் தொழில் செய்த வாடியிலிருந்து எங்கள் பங்கும் கருவாடும் தவறாமல் வந்துகொண்டிருந்தன. கூலிக்குப் போன நாட்களைவிட வீடு நன்றாகவே ஓடியது.

ஆவணியில் சிங்கப்பூர்க்காரர் எழும்பிவிட்டார். கை நடுங்கும் எழுத்தில் தானே கடிதம் எழுதினார். பின்னாலேயே பேசிய பணம் முழுவதும் வங்கி வழியாக வந்தது. அன்றைக்குத்தான் வள்ளம் உண்மையில் விற்பனையானது. அடுத்த ஆண்டு மீன்பிடி அலுவலகத்தில் மறுபடியும் எங்கள் பெயர் வந்தது. எங்கள் இயந்திரப் படகைச் சுவாமியார் செபம் சொல்லி மந்திரித்துக் கடலில் இறக்கிய நாளில், கொக்கிளாயிலிருந்து பாயை விரித்துக்கொண்டு எங்கள் பழைய வள்ளம் வந்து கரை தட்டியது. அக்காவும் கணவரும் இறங்கினார்கள். அக்காவின் கையில் வாழையிலையில் சுற்றிய செவ்வரத்தம்பூக்கள்.

"உங்கட சாமிக்கு இது பிடிக்கும் எண்டு இப்ப தெரியும்தானே" என்று சொல்லிக்கொண்டே அவர் அவற்றைப் புதுப் படகின் அணியத்தில் வைத்தார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத்தான் கண் நிறைந்துவிட்டது.

அதற்குப் பிறகு எத்தனையோ பேரோடு கொடுக்கல் வாங்கல் செய்திருக்கிறேன், இன்றைக்கும் எச்சரிக்கையாகத்தான் இருக்கிறேன். ஆனால் ஒருவரை நம்பலாமா என்று மனம் தடுமாறும்போதெல்லாம், அந்தச் சுடுமணலில், கிடுகு நிழலில், ஈரமாக இருந்த அந்தப் பலகையைத்தான் என் கை தேடுகிறது.