புல் முளைக்காத இடம்

கோழி வளர்ப்பில் எனக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது. தேயிலைத் தோட்டத்தில் மருந்து அடிக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் நாங்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் கொட்டகை போட்டேன். இந்த மலையில் எங்கே பார்த்தாலும் ஈரம், புல், அட்டை. நான் பிடித்த இடத்தில் மட்டும் புல்லே கிடையாது. பழைய மருந்து ஸ்டோரை இடித்த பிறகு வெறுமனே கிடந்த மண். கோழிக்கு இதைவிடச் சுத்தமான இடம் ஏது என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அப்போது மருமகள் முழுகாமல் இருந்தாள். தினமும் காலையில் இரண்டு முட்டை அவித்துக் கொடுத்து, தின்று முடிக்கும்வரை எதிரிலேயே நிற்பேன்.

"வேணாம் அத்தை, குமட்டுது."

"நம்ம வீட்டு முட்டைலா. கண்ண மூடிக்கிட்டு சாப்பிடு."

அடைக்கு வைத்த முட்டைகள்தான் என் மானத்தை வாங்கின. பாதிக்கு மேல் பொரிக்கவில்லை. பொரித்த ஒரு குஞ்சுக்கு மேல் அலகு ஒரு பக்கம், கீழ் அலகு இன்னொரு பக்கம். குருணையைக் கொத்த வராமல் தலையை ஆட்டி ஆட்டி நின்றது, மறுநாள் செத்துப்போனது. எனக்குக் கோபம்தான் வந்தது. சேவல் சரியில்லை என்று முடிவு கட்டி, பக்கத்து ஊரான கம்போங் ராஜாவிலிருந்து புதுச் சேவல் பிடித்து வந்தேன். அடுத்த அடையிலும் அதே கதை.

கோழிக்கு அடைகாக்கத் தெரியவில்லையோ என்று, ரிங்லெட்டில் இருக்கும் தங்கையிடம் முட்டை வாங்கி வந்து அதே கோழிக்கு வைத்தேன். அத்தனையும் பொரித்துத் துறுதுறுவென்று ஓடின. கோழி மேல் குற்றமில்லை, எங்கள் முட்டையில்தான் கோளாறு.

அப்படியானால் இவை என்னத்தைத் தின்கின்றன? கொட்டகை முன்னால் உட்கார்ந்து பார்த்தேன். அந்த மண்ணைத்தான் கிளறிக் கிளறிக் கொத்திக்கொண்டிருந்தன. வேலை முடிந்ததும் நாங்கள் பம்பு கழுவி, மிச்ச மருந்தைக் கொட்டிய மண். அந்த மருந்துகளில் சிலவற்றைப் பிற்பாடு அரசாங்கமே தடை செய்தது. இத்தனை வருஷத்து மழை எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போயிருக்கும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடப் பொய், யோசிக்கவே இல்லை. புல்கூட முளைக்காத மண்ணைச் சுத்தம் என்று சொல்ல மருந்து அடித்த என்னைப் போன்றவளால்தான் முடியும். மண்ணில் கிடந்தது கோழிக்குள் போயிருக்கிறது, கோழியிலிருந்து முட்டைக்கு. அதற்கப்புறம் எங்கே போயிருக்கும்?

மறுநாளே மருமகளைக் கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். வழியெல்லாம் விஷயத்தைச் சொன்னேன். டாக்டர் தமிழ்ப் பெண். வயிற்றைப் பரிசோதித்துவிட்டு, குழந்தையின் துடிப்பு இப்போதைக்கு நன்றாக இருக்கிறது, முட்டையை உடனே நிறுத்துங்கள், மற்றதைப் போகப் போகத்தான் பார்க்க வேண்டும் என்றார். பிறகு பேனாவை எடுத்தார்.

"அந்த முட்டைய எவ்வளவு நாளா சாப்பிடுறீங்க?"

மருமகள் என் பக்கம் திரும்பவே இல்லை. "எப்பவாச்சும்தான் டாக்டர். ஆசப்பட்டு நானே எடுத்துச் சாப்பிட்டேன்."

தப்பை ஒப்புக்கொண்டு எனக்குப் பழக்கமில்லை. நாற்காலியை டாக்டர் மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"அவ பொய் சொல்றா டாக்டர். நாலு மாசமா தெனம் ரெண்டு. வேணாம் வேணாம்னுதான் சொன்னா. நான்தான் தின்ன வெச்சேன். எழுதிக்குங்க."