வினாகிரி ஊற்றிய எட்டு நாட்கள்

சண்டை முடிந்து, மன்னார்த் தீவில் எங்கள் கரைக்கு நாங்கள் திரும்பி வந்து நாலைந்து வருஷம் இருக்கும். தவக்காலம் நடந்துகொண்டிருந்தது. என் கணவருக்கு அப்போது அறுபத்தெட்டு வயது. அந்த வயதிலும் கடலுக்குப் போவார். படகு கரைக்கு வந்ததும் வலையிலிருந்து மீன் கழற்றுவது நாங்கள் இருவரும்தான்.

அந்த மாதம் வலை நிறைய ஜெல்லிமீன், எங்கள் பேச்சில் சொறி. கண்ணாடிபோல, கொழகொழவென்று கிடக்கும் அந்தச் சனியனைக் கடலோரத்தில் தெரியாதவர்கள் இல்லை. வலையை உதறும்போது அதன் சளி முகத்தில் தெறித்தால் நெருப்பாய் எரியும். நாங்கள் வினாகிரி, அதுதான் வினிகர், ஊற்றிக் கழுவுவோம். ஒன்றிரண்டு நாளில் ஆறிவிடும்.

ஒருநாள் காலை, வலது நெற்றியும் அந்தப் பக்கத்துத் தலையும் எரிகிறது என்றார். பார்த்தேன், ஒரு தடிப்பும் இல்லை. சொறி பட்டிருக்கும் என்று வினாகிரியால் துடைத்துவிட்டேன். மறுநாளும் அதே பாட்டு. தலையணையில் தலை வைக்க முடியவில்லையாம், சீப்புப் பட்டாலே குத்துகிறதாம். நானோ வலை, கருவாடு, சமையல் என்று ஓடி ஓடிக் களைத்துப்போயிருந்தேன்.

"இண்டைக்குத்தான் முதல்முதலா சொறி பட்ட ஆள் மாதிரிக் கத்துறியள். தவக்காலம்தானே, ஆண்டவருக்கு ஒப்புக்கொடுங்கோ" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் கொப்புளம் கிளம்பியது. அதைக் கண்டு எனக்கு நிம்மதிகூட வந்தது என்றால் பாருங்களேன்! சொன்னேனே, சொறிதான் என்று இன்னும் வினாகிரி ஊற்றினேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். எட்டாம் நாள் வலது கண் வீங்கி மூடிவிட்டது.

அன்றைக்குத்தான் அந்த மனிதர் வந்தார். முசலிப் பக்கத்து முஸ்லிம் வியாபாரி. சின்ன லொறியில் ஐஸ் பெட்டிகளோடு கரைக்கு வந்து மீன் வாங்குபவர். முகப்பழக்கம் மட்டும்தான், பெயர்கூடத் தெரியாது. சில நாளாக இவரைக் கரையில் காணவில்லையே என்று வாசலுக்கு வந்தவர், உள்ளே போய் என் கணவரின் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"அக்கா, இது சொறி இல்லை. சொறி எண்டால் பட்ட பட்ட இடமெல்லாம் தடிக்கும். இது நடு நெத்தியோட கோடு கீறினமாதிரி நிக்குது, மற்றப் பக்கம் ஒண்டுமில்லை. மூக்கு நுனியிலயும் கொப்புளம் பாருங்கோ. இது அக்கி. எங்கட வாப்பாவுக்கும் இப்பிடித்தான் வந்தது. விஷப்பூச்சி எண்டு ஓதித் தண்ணி குடுத்துக்கொண்டு இருந்திட்டம். ஒரு கண் போயிட்டுது."

நான் பின்னேர பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன்.

"பின்னேரமோ? இப்ப ஏறுங்கோ!"

"உங்கட மீன்?"

"மீன் ஐஸில கிடக்கும். கண் கிடக்குமோ அக்கா?"

லொறி குலுங்கும்போதெல்லாம் என் கணவர் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதார். புயலிலும் சண்டையிலும் அழாத மனிதர். நான் அவர் பக்கம் பார்க்காமல் ரோட்டையே பார்த்துக்கொண்டு இருந்தேன்.

மன்னார் ஆஸ்பத்திரியில் ஒரு இளம் பெண் டொக்டர் பார்த்தார். சின்ன வயதில் வந்த கொப்பளிப்பான், அதுதான் சின்னம்மை, மாறினாலும் அதன் கிருமி நரம்புக்குள் தூங்கிக் கிடக்குமாம். வயது போய் உடம்பு தளரும்போது எழும்பி, ஒரு நரம்பின் வழியே கொப்புளமாக வருமாம். அதனால்தான் ஒரு பக்கம் மட்டும். வலி முதலில் வந்து, கொப்புளம் பிறகு வருவதும் உண்டாம். கொப்புளம் கண்டு மூன்று நாளுக்குள் மருந்து தொடங்குவதுதான் நல்லதாம்.

"கண்ணுக்கு இறங்கினபடியால் இப்பவும் மருந்து குடுக்கத்தான் வேணும். ஏனம்மா, இவ்வளவு நாளும் என்ன செய்தனீங்கள்?" என்று கேட்டார். வினாகிரியை மறைத்து, எந்த வார்ட்டுக்குப் போக வேண்டும் என்று கேட்டேன்.

ஆஸ்பத்திரியிலேயே மறித்து வைத்து வைத்தியம் செய்தார்கள். கண் தப்பியது. பார்வை கொஞ்சம் மங்கல்தான், ஆனாலும் ஆளை அடையாளம் தெரியும். அந்த வியாபாரிக்கு நன்றி சொல்லப் போனபோது, "துவா செய்யுங்கோ, அது போதும்" என்று பிரார்த்தனை மட்டும் கேட்டுவிட்டு மீன் பார்க்கப் போய்விட்டார்.

கொப்புளம் காய்ந்து உதிர்ந்தது, எரிவு போகவில்லை. நரம்பு பழுதுபட்டால் சிலருக்கு வருஷக்கணக்கில் அப்படி இருக்குமாம். எங்கள் தீவில் காற்று ஓய்கிற நாளே குறைவு. நெற்றியில் அது பட்டாலே கத்தியால் கீறுவதுபோல இருக்கிறது என்று டொக்டரிடம் சொன்னார். அதற்குப் பிறகு அவர் கடலுக்குப் போகவில்லை.

இப்போதும் வெளியே வந்தால் அவர் கை தானாக நெற்றிக்குப் போகும். நோகுதா என்று கேட்பேன். "இல்லை" என்பார். அன்று நான் சொன்னதை அவர் ஒருநாளும் குத்திக் காட்டியதில்லை. வலிக்கிறது என்று என்னிடம் சொல்வதை மட்டும் விட்டுவிட்டார், அதுதான் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.