மூலை மரத்துக்கு யோரிஸ் பாடியது

யோரிஸின் குரல் கழுதைக்குக்கூட வாய்க்கக் கூடாது. தேவாலயத்தில் அவன் வாயைத் திறந்தால் பக்கத்தில் இருப்பவர் நகர்ந்து உட்காருவார். ஆனால் அந்தக் குரலுக்குத்தான் முப்பது ஆண்கள் சேர்ந்து கயிறு இழுத்தார்கள்.

எங்கள் ஆம்ஸ்டர்டாமில் வீடு கட்டுவது என்றால் முதலில் சேற்றுக்குள் மரங்களை அடித்து இறக்க வேண்டும். ஆற்றுக்கு அணை போட்டுக் குடியேறிய முப்பாட்டன்கள் காலம் தொட்டு இதே பிழைப்பு. யோரிஸ் ஒரு வரி பாடினால் கயிற்றில் தொங்கும் பாரக்கட்டை மேலே ஏறி மரத்தின் தலையில் ஒரு அடி விழும். முப்பது அடி ஆனதும் பாட்டை நிறுத்துவான், ஓய்வு. நடுவில் கயிற்றை விட்டால் கட்டை யார் தலையிலாவது இறங்கிவிடும். அதனால் பாட்டு நிற்கும்வரை எவனும் கையை எடுக்க மாட்டான். வரிகளை அப்போதைக்கப்போது கட்டுவான், பெரும்பாலும் தெருவில் போகிறவர்களின் மானத்தை வாங்க. மோர் விற்கப் போகும் என்னை அவன் விட்டுவைத்த நாள் கிடையாது. நானும் சும்மா இருந்ததில்லை.

கால்வாயோரம் விதவைகளுக்குத் தர்ம விடுதி கட்டினார்கள். எல்லா மரமும் அடியிலிருக்கும் கெட்டி மணலில் தட்டி நின்றுவிட்டது, மூலை மரம் மட்டும் இறங்கிக்கொண்டே இருந்தது. மேஸ்திரி லம்பெர்ட்டுக்கு அவசரம்.

"போதும், மரத்தோட தலையை அறுத்து விடு. நாலு கிழவிங்க இருக்கப் போற இடம். பீரங்கியா கொண்டாந்து வைக்கப் போறாங்க?"

யோரிஸ் பாட்டை எடுத்தான். முப்பது தாண்டியும் நிறுத்தவில்லை. வரிகள் தீர்ந்துபோய், தெருவிலிருந்த விதவைகளின் பெயரை அடிக்கு ஒன்றாகப் பாடினான். லம்பெர்ட் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். அந்தப் பெயர்களும் தீர்ந்தன.

"மோர்க்கார ஹில்லேக்கு ஒண்ணு" என்று பாடினான்.

என் புருஷன் அப்போது கப்பலில் உயிரோடு இருந்தார். அகப்பையை அவன்மேல் வீசினேன். எழுபத்தோராவது அடியில் மரம் அசையாமல் நின்றது.

எல்லோர் முன்னாலும் லம்பெர்ட் அவனை வேலையிலிருந்து விரட்டினார். யாரோ கிழவிகளுக்காகப் பிழைப்பைக் கெடுத்துக்கொள்வாயா என்று கோபம் ஆறாமலே கேட்டேன். அவன் அகப்பையைத் துடைத்து நீட்டினான்.

"வேலை கெடக்குது ஹில்லே. இறங்குற மரத்து மேல நான் யாரையும் குடி வைக்கமாட்டேன்."

லம்பெர்ட்டுக்குப் பயந்து அந்த வருடம் எவரும் அவனைச் சேர்க்கவில்லை. துறைமுகத்தில் மீன் கூடை தூக்கினான்.

இரண்டு குளிர்காலம் கழிந்தும் என் புருஷன் போன கப்பல் திரும்பவில்லை. விடுதியில் எனக்குக் கிடைத்தது அந்த மூலை அறை. பக்கத்து வீடுகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துவிட்டன. என் கதவு இன்றும் உரசாமல் சாத்துகிறது. என் பெயரைப் பாடித் தொலைத்த பாவியை எழுந்ததும் ஒரு மூச்சு திட்டுவேன். பிறகு தரையில் காலை ஊன்றுவேன். அது அசையாது. எனக்கு அழுகை வந்துவிடும்.