ஃபிளாப்பிக்கு வைத்த சந்தனம்

செல்லக்கனி எங்கள் ஊர் மடவார் வளாகத்துப் பெண், வேல்சாமிக் கொத்தனாரின் ஒரே மகள். பி.எஸ்ஸி. கணக்கு முடித்ததும் வத்திராயிருப்பில் கட்டிக் கொடுத்தார்கள். புருஷன் இன்னொருத்தியை வீட்டுக்கே கூட்டி வந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டாள். நானாக இருந்தால் அவன் மண்டையை உடைத்துவிட்டுத்தான் கிளம்பியிருப்பேன். அவள் சத்தமில்லாமல் வந்தாள். கொத்தனார் அன்றிலிருந்து மகளோடு பேசவில்லை. அவள் சோறு வைப்பாள், அவர் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார்.

எண்பத்தெட்டில் வைகுண்டராஜ் சார் ராஜபாளையத்தில் கம்ப்யூட்டர் சென்டர் திறந்தார். அவளும் கிருபாபாயாகிய நானும் வேலைக்குச் சேர்ந்தோம். தினசரி நூல் உற்பத்திக் கணக்குப் போடும் ப்ரோக்ராம் எழுதித் தருவதாக சார் ஒரு மில்லில் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். மில் ஏற்றுக்கொண்டால் சென்டர் பிழைக்கும். இல்லையென்றால் அவரவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அவள் வீடு எப்படிப்பட்டது என்று சொல்லிவிட்டேன்.

ஒரு வருஷம் உயிரை விட்டோம். சேமிப்பதற்குள் கரண்ட் போய், காலையெல்லாம் அடித்தது காணாமல் போகும். மூன்றாவது ஷிப்டு பாதி ராத்திரியைத் தாண்டுவதால் ஒரே ஷிப்டின் நூல் இரண்டு தேதியில் போய் விழுந்தது. நானும் சாரும் மோதி மோதிக் கைவிட்டோம். செல்லக்கனிதான் வழி கண்டாள்.

"தேதியை விடுட்டி. ஷிப்டு என்னைக்கு ஆரம்பிச்சுதோ, அதுதான் அதுக்கு நாள்."

கணக்கு சரியாக வந்த அன்று அவள் சிரித்தாள். அவளுக்குப் பல்வரிசை இவ்வளவு அழகு என்று எனக்கு அதுவரை தெரியாது.

எண்பத்தொன்பது ஆயுத பூஜை. அடுத்த வாரம் மில்லில் ஓட்டிக் காட்ட வேண்டும். எங்கள் மெஷினில் ஹார்ட் டிஸ்க் கிடையாது, எல்லாம் ஃபிளாப்பியில்தான். அப்பளம் போல மெல்லிய கறுப்புச் சதுரம், ஒரு பக்கம் நீளத் திறப்பு, அதன் வழியே உள்ளே இருக்கும் தகடு தெரியும். எழுதியதெல்லாம் அந்தத் தகட்டில்தான், விரல்கூடப் படக் கூடாது. சார் அழைத்திருந்ததால் கொத்தனாரும் வந்தார். தானே அரைத்த சந்தனம் கொண்டு வந்திருந்தார். இதில் எழுத்து எங்கே இருக்கிறது என்று கேட்டாராம். சார் திறப்பைக் காட்டிவிட்டு வந்தவர்களைக் கவனிக்கப் போய்விட்டார். நாங்கள் பின்னால் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தோம்.

திரும்பி வந்தால், உறையிலிருந்து எடுத்த ஃபிளாப்பிகள் வரிசையாகச் சாமி படத்தின் முன் இருந்தன. நகல்களும் சேர்த்துத்தான். ஒவ்வொன்றின் திறப்பிலும் தகட்டின் மேலேயே சந்தனம், அதன் மேல் குங்குமம். தன் கொத்துக் கரண்டிக்கும் மட்டக்கோலுக்கும் வைக்கிற அதே பக்தியோடு வைத்திருந்தார். பிறகு மகளைப் பார்த்தார்.

"எல்லாத்துக்கும் வச்சிட்டேன் தாயி. இனி நல்லா ஓடும்."

அவள் திரும்பி வந்தபின் அவர் அவளிடம் பேசிய முதல் பேச்சு அது. சந்தனம் இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. உடனே துடைத்திருந்தால் ஒன்றிரண்டாவது தேறியிருக்கும். நான் வாயைத் திறந்தேன். செல்லக்கனி என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். "சரிய்யா" என்றாள். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக் கூடாது. யாரும் தொடவில்லை.

மறுநாள் பொருக்குத் தட்டியிருந்தது. பஞ்சை நனைத்துத் துடைத்தோம். போட்டதும் டிரைவ் கரகரவென்று கத்தியது, ஒன்றும் படிக்கவில்லை. நினைவிலிருந்து திரும்ப எழுதிப் பார்த்தோம், பாதிகூடத் தேறவில்லை. மில் கோயம்புத்தூரிலிருந்து வேறு ப்ரோக்ராம் வாங்கிக்கொண்டது. சென்டர் மூடியாயிற்று. நான் மெட்ராஸ் போனேன். அவள் பேண்டேஜ் துணி மடிக்கும் கம்பெனிக்குப் போனாள். அப்பாவிடம் மட்டும் மில்லில் கம்ப்யூட்டர் பார்ப்பதாகச் சொல்லியிருந்தாள்.

தொண்ணூற்று நாலில் ஊருக்குப் போனபோது கொத்தனார் படுக்கையில் கிடந்தார். அவர்மேல் எனக்கு ஆத்திரம் ஆறவே இல்லை. நலம் விசாரித்துவிட்டு எழுந்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

"என் சந்தனத்துலதான் எல்லாம் போச்சு, இல்லையா தாயி?" என்றார். "சார் அப்பவே சொல்லிட்டாரு."

பிறகு ஏன் தெரியாதது போல இருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"ப்ரோக்ராம் எப்படி ஓடுதுன்னு நான் கேட்டாத்தான் அவ என்கிட்ட நாலு வார்த்தை பேசுதா. அதையும் விட்டுட்டா நாங்க என்னத்தப் பேச? அவகிட்ட சொல்லிராத."

சாயங்காலம் செல்லக்கனி வந்தாள். முகம் கழுவிக்கொண்டு கட்டிலருகே உட்கார்ந்தாள். அவர் தலையைத் திருப்பி, இன்றைக்கு எப்படி ஓடியது என்று கேட்டார்.

"நல்லா ஓடுச்சுய்யா," என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.